"உளறல்"னா உள்ளம் அறுந்த பேச்சா? மாமாவோட ஒரு பஞ்சாயத்து

தூங்காநகரத்தான்
மக்களே ஒரு ஹெல்ப். எங்க ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல என் பொண்டாட்டியோட தாய்மாமா ஒருத்தர் இருக்கார், தெனம் காலைல காபி குடிக்கிறதுக்கு முன்னாடியே "தினம் ஒரு தமிழ்"னு ஒரு மெசேஜ் போட்ருவார். நேத்து போட்டது இது: "உளம் + அறல் = உளறல். உள்ளம் அற்றுப்போய்ப் பேசும் பேச்சே உளறல். என்னே தமிழனின் அறிவு!" கீழ ஒரு விளக்கு படம், ரெண்டு ரோஜாப்பூ. நான் சும்மா இருந்திருக்கலாம், வாய் சும்மா இருக்கல, "மாமா உளறாதீங்க"னு ஒரு சிரிப்பு பொம்மையோட போட்டுட்டேன், அவ்ளோதான், குரூப்பே ரெண்டாயிடுச்சு, மாமா லெஃப்ட் ஆயிட்டாரு, அத்தை போன் பண்ணி அழுவுறாங்க, வீட்ல ரெண்டு வேளையா ரசம்தான். இப்ப மாமா திரும்ப உள்ள வந்துட்டார், ஆனா ஒரு கண்டிஷன்: "அப்ப உளறல்ங்கிற சொல் எங்கேருந்து வந்துச்சு, ஆதாரத்தோட சொல்லு மாப்ள". எனக்கு தெரிஞ்ச தமிழ் பத்தாங்கிளாஸோட முடிஞ்சுது. யாராச்சும் காப்பாத்துங்க.

வெட்டி ஆபீசர்
ப்ரோ முதல்ல தாய்மாமாகிட்ட போயி உளறாதீங்கனு சொன்னதே தப்பு, அதுக்கு ரசம் குடுத்ததே பெருசு. "தவறா இருக்கும் போல மாமா"ன்னு போட்டுட்டு போயிருக்கணும்.
பட் விளக்கம் நல்லாத்தானே இருக்கு? உள்ளம் இல்லாம பேசுறது உளறல். சரியாத்தான தோணுது?

தமிழ் டீச்சர் ஓய்வு
நல்லா இருக்குங்கிறதுதான் தம்பி இதுல பிரச்சினையே. 33 வருஷம் பிளாக்போர்டுல புணர்ச்சி விதி எழுதுன கை, சும்மா இருக்க மாட்டேங்குது, சொல்லிடுறேன்.

உளம்ங்கிறது மகர ஈறு. அதோட அறல் சேந்தா "உளமறல்"னு வரணும், இல்ல ம் கெட்டு வகரம் வந்து "உளவறல்"னு வரணும் (மரம் + அடி மரவடி ஆகுற மாதிரி). "உளறல்"னு எந்த வழியிலயும் வராது. மகரத்தையும் காணோம், அகரத்தையும் காணோம், ரெண்டையும் யார் தின்னுட்டா?

அதவிட முக்கியம், வெட்டுன இடமே தப்பு. சொல்லோட அடி "உளறு". உளறுறான், உளறினான், உளறுவான். அந்த உளறு கூட "அல்"னு ஒரு தொழிற்பெயர் விகுதி சேந்து உளறல். ஆக உளறு + அல். கதறு கதறல், அலறு அலறல், சிதறு சிதறல், உதறு உதறல், குமுறு குமுறல், எல்லாம் ஒரே அச்சுல வார்த்தது. உங்க மாமா கணக்குப்படி பாத்தா சிதறல்ங்கிறது "சிதம் + அறல்" ஆகும், கதறல்னா "கதம் + அறல்", கதம்னா கோபம், அப்ப கோபம் அத்துப்போனவன்தான் கதறுவானா? அலறலுக்கு என்ன சொல்வார்னு கேட்டுப் பாருங்க.

தூங்காநகரத்தான்
டீச்சர் உங்க கால காட்டுங்க. இத அப்டியே காப்பி பேஸ்ட் பண்ணலாமா?

தமிழ் டீச்சர் ஓய்வு
பண்ணுங்க, ஆனா மரியாதையா பண்ணுங்க. மாமா தமிழ் மேல உள்ள ஆசைல போடுறவர், அவர ஏன் கிண்டல் பண்றீங்க.

வெட்டி ஆபீசர்
சரி டீச்சர் உளறு + அல் புரிஞ்சுது. ஆனா அந்த "உளறு" எங்கேருந்து வந்துச்சு? கேள்விய ஒரு படி தள்ளி வெச்சுட்டீங்க அவ்ளோதானே 😄

தமிழ் டீச்சர் ஓய்வு
கெட்டிக்காரர். பக்கத்து வீட்டப் பாருங்க, சொந்தக்காரங்க யார்னு தெரியும். உளறு, குளறு, குழறு, அலறு, கதறு, பிதற்று. எல்லாம் வாய்லேருந்து வர்ற சத்தம், எல்லாத்துலயும் அந்த "று". என் நெனப்பு, இதுல பாதிக்கு மேல சத்தத்த அப்படியே புடிச்சு வெச்ச சொல்லுங்கதான். நாக்கு தடிச்சுப் போய் ல வா ள வா ழ வா னு தெரியாம உருளுற சத்தத்த கொஞ்சம் வாய்விட்டு சொல்லிப் பாருங்க, "உள உள", "குழ குழ". வழவழா கொழகொழானு ஒருத்தன் பேச்ச சொல்றோமே, அந்த ஜாதி.

இதுல குழறுக்கு எங்கிட்ட சாட்சி இருக்கு. குறுந்தொகை 153, கபிலர் பாட்டு: "குன்றக் கூகை குழறினும், முன்றில் பலவின் இருஞ்சினைக் கடுவன் புகன்று பாயினும் அஞ்சுமன்". மலைல ஆந்தை குழறினாலும் பயப்படுவேன், வாசல்ல நிக்கிற பலாமரக் கிளைல கடுவன் குரங்கு தாவுனாலும் பயப்படுவேன், அப்பேர்ப்பட்ட நெஞ்சு இப்ப ராத்திரி இருட்டுல அவன் வர்ற மலைவழிலயே கூடப் போகுதேனு ஒரு பொண்ணு சொல்றா. இங்க குழறுதல் ஆந்தைக்கு. இன்னிக்கு குடிச்சவனுக்கு நாக்கு குழறுது, பக்கவாதம் வந்தவங்களுக்கு பேச்சு குழறுது. ஆந்தை கத்துன சத்தம் மனுசன் வாய்க்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு. குளறுன்னும் எழுதுவாங்க, அதுலேருந்துதான் குளறுபடி.

வெட்டி ஆபீசர்
குளறுபடி ஆந்தைலேருந்தா!!! நான் தெனம் எக்செல்ல பண்றது ஆந்தை வேலைனு இப்பதான் தெரியுது

காவேரிக்கரையான்
இந்த பறவை மேட்டர் இங்கிலீஷ்லயும் இருக்குங்க. "காபில்டிகூக்"னு ஒரு வார்த்தை, ஆபீஸ் பாஷைல சுத்தி வளைச்சு ஒண்ணுமே புரியாத மாதிரி எழுதுறத சொல்வாங்க. இதுக்கு அப்பன் யார்னு தெரியும்ங்கிறதுதான் விசேஷம், பாதி வார்த்தைங்களுக்கு அப்பன் தெரியாது. அமெரிக்கா டெக்சாஸ்காரர் மோரி மேவரிக்னு ஒருத்தர், எம்.பி.யா இருந்தவர், ரெண்டாம் உலகப்போர் டைம்ல சின்ன கம்பெனிகளுக்கான ஒரு அரசு அமைப்புக்கு தலைவரா இருந்தார். கீழ இருக்கவங்க எழுதுற ரிப்போர்ட்டு எல்லாம் படிச்சு வெறுத்துப்போயி 1944ல ஒரு மெமோ விட்டார், சுருக்கமா எழுது, என்ன சொல்ல வர்றியோ அத சொல்லு, "ஆக்டிவேஷன்", "இம்ப்ளிமென்டேஷன்"னு எழுதுறவன சுட்ருவேன்னு. அந்த மெமோலதான் இந்த வார்த்தை. எங்கேருந்து புடிச்சீங்கனு கேட்டதுக்கு, ஊர்ல வான்கோழி நெஞ்ச நிமித்திக்கிட்டு கபில் கபில்னு கத்தும், முடிக்கும்போது கூக்னு ஒரு சத்தம் வரும், அதான் ஞாபகம் வந்துச்சுனார். கூட்டத்தோட சேராம தன் வழில போறவன "மேவரிக்"ம்பாங்களே, அந்த வார்த்தையே அவங்க தாத்தா பேருதான், மாட்டுக்கு அடையாளச் சூடு போடாம விட்டவர். ஒரே குடும்பத்துலேருந்து ரெண்டு வார்த்தை.

நமக்கு ஆந்தை, அவனுக்கு வான்கோழி. "தங்களின் மேலான பார்வைக்கும் தக்க மேல்நடவடிக்கைக்கும் பணிந்து சமர்ப்பிக்கலாகிறது"னு எழுதுறமே, அதுக்கு நம்ம ஊர்ல எந்தக் கோழி?

கொங்குக் குசும்பன்
அதுக்கு கோழி பத்தாதுங்க, பண்ணையே வேணும்.

எங்க அப்பாரு ஒரு வார்த்தை சொல்லுவாருங்க, யாராச்சும் ஏறுக்கு மாறா பேசுனா "எகனைமொகனையா பேசாதடா"ம்பாரு. நானும் சின்ன வயசுல ஏதோ கெட்ட வார்த்தையாட்ட இருக்குதுன்னே நெனச்சுட்டு இருந்தேன். காலேஜ் வந்து பாத்தா அது எதுகை மோனைங்க! எதுகைமோனை தேஞ்சு தேஞ்சு எகனைமொகனை ஆயிப்போச்சு. யாப்பு இலக்கணம் பொள்ளாச்சி சந்தைல மாட்டு யாவாரி வாய்ல வந்து கெடக்குது பாருங்க.

நாஞ்சில் நண்டு
எங்க பக்கம் மலையாளம் கலந்த ஊரு. அங்க "பிச்சும் பேயும் பறயாதே"ம்பாங்க. பிச்சு = பித்து, பேய் = பேய்தான். காய்ச்சல்ல கண்டதையும் பேசினா "பிச்சும் பேயும் பறையுது". அப்புறம் "புலம்புக"ன்னா மலையாளத்துல அர்த்தம் இல்லாம என்னமோ பேசுறது. நம்ம தமிழ்ல புலம்புறதுன்னா அழுது பொலம்புறது, இல்லேனா குறை சொல்லிட்டே இருக்கிறது. ஒரே வார்த்தை, எல்லை தாண்டுனா அர்த்தம் கொஞ்சம் நகந்து நிக்குது. மாமியார் ஒருநாள் என்னய "எந்தா புலம்புந்நே"ன்னு கேட்டாங்க, நான் சோகமா இருக்கேன்னு ஆறுதலா கேக்காங்கன்னு நெனச்சு மனசுல உள்ளதெல்லாம் கொட்டிட்டேன். அவங்க கேட்டது என்ன ஒளறுதேன்னு.

சங்குப்பிட்டி
யாழ்ப்பாணத்தில நாங்கள் "அலட்டாதை"யெண்டு சொல்லுவம், தேவையில்லாமல் கதைச்சுக்கொண்டிருக்கிற ஆளைப் பார்த்து. இந்தியாவில நிண்ட நேரம் ஒரு பெடியன் "அலட்டிக்காதீங்க அண்ணா"வெண்டான், நான் ஒண்டுமே கதைக்கேல்லையே, ஏன் இவன் இப்பிடிச் சொல்லுறானெண்டு கோவம் வந்திட்டுது. பிறகுதான் தெரிஞ்சது, அங்க அலட்டிக்காதேயெண்டால் பெரிசா எடுக்காதை, கவலைப்படாதையெண்டு.
உளறலுக்கு எங்கட சொல்லு "விசர்க்கதை". "விசர்க்கதை கதையாதை"யெண்டால் கதை முடிஞ்சுது, அதுக்கு மேல ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்.

வெட்டி ஆபீசர்
விசர்க்கதை செம பேரு. என் பிளாக்குக்கு இத வெச்சுக்கலாமா

சங்குப்பிட்டி
ஓம் வையுங்கோ, காசு தரவேண்டாம்.

ராயபுரம் ரவுசு
இன்னாபா எல்லாம் சங்கம் கிங்கம்னு ஓடினு கீது. எங்க மெட்ராஸ் பாஷைய கண்டுக்க மாட்றீங்களே. பீலா வுடாத, ரீலு சுத்தாத, உதாரு வுடாத, டூப்பு, கப்சா, புருடா. டுபாக்கூரு தெரியுமா? அது துபாஷிலேருந்து வந்துச்சாம், வெள்ளக்காரன் காலத்துல ரெண்டு பாஷை பேசுறவன் துபாஷி, அவன் இங்க ஒண்ணு அங்க ஒண்ணு மாத்தி சொல்லி துட்டு அடிப்பான், அதான் டுபாக்கூர். எப்டி?

காவேரிக்கரையான்
துபாஷிங்கிறது நிஜம் அண்ணாத்த, இந்தியில தோ + பாஷா, ரெண்டு பாஷைக்காரன். பாண்டிச்சேரில துய்ப்ளே கவர்னருக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியா இருந்தார், 1736லேருந்து டைரி எழுதி வெச்சவர். ஆனா "கூர்" எங்கேருந்து வந்து ஒட்டிக்கிச்சு? துபாஷில இருக்கிற "ஷி" எங்க போச்சு? இதுவும் நம்ம மாமா கேஸ் மாதிரியேதான், கதை அழகு, தையல் தெரியுது. துபாஷிங்க மேல கோபம் இருந்துச்சுங்கிறதால மட்டும் டுபாக்கூர் அவங்க புள்ளை ஆயிடாது.
இன்னொண்ணு, பீலா, ரீலு, புருடா எல்லாம் பொய். உளறல் பொய் இல்ல. பொய் சொல்றவனுக்கு உண்மை தெரியும், உளறுறவனுக்கு தான் என்ன பேசுறோம்னே தெரியாது. சில சமயம் உளறல்லதான் உண்மை வெளில வரும், "தண்ணியப் போட்டுட்டு எல்லாத்தையும் உளறிட்டான்"னு சொல்றோம்ல? அங்க உளறிட்டான்னா ரகசியத்த கக்கிட்டான்னு அர்த்தம். உளறிக்கொட்டி கிளறி மூடுறதுன்னு ஒரு சொலவடையே இருக்கு.

ராயபுரம் ரவுசு
அட ஆமால்ல. பீலா வுட்றவன் உஷாரு, உளர்றவன் லூசு. கரீக்டு.

டாக்டரம்மா இல்ல நர்ஸ்
ஐசியூல ஒம்பது வருஷம் நைட் டியூட்டி பாத்தவ நான், உளறலுக்கும் எனக்கும் பழைய சகவாசம். அந்தக் காலத்துல "ஜன்னி கண்டு பிதற்றுறார்"ம்பாங்க, நாங்க சார்ட்ல டெலீரியம்னு எழுதுவோம். அந்த வார்த்தைக்கு அர்த்தம் படிச்சப்ப எனக்கு ரொம்ப புடிச்சுப் போச்சு, லத்தீன்ல "லீரா"ன்னா உழவு சால், "டி"ன்னா விலகி. ஏர் ஓட்டும்போது சால விட்டு விலகிப் போறதுதான் டெலீரியம். புத்தி சால் தப்பிப் போச்சு.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தாத்தா, நெல்லு யாவாரம் பண்ணவர், ஆக்சிஜன் மாஸ்க்க கழட்டி கழட்டி எறிஞ்சுட்டு "மூட்டைய எண்ணு, மூட்டைய எண்ணு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். டியூட்டி டாக்டர் உளறல்னு எழுதிட்டு போயிட்டார். நான் சும்மா பக்கத்துல உக்காந்து "நாப்பத்திரெண்டு இருக்குங்கய்யா"ன்னேன். "ஒண்ணு கொறையுதே"ன்னுட்டு தூங்கிட்டார். இன்னிக்கு வரைக்கும் அந்த ஒரு மூட்டை எங்க போச்சுன்னு யோசிக்கிறேன்.

கொங்குக் குசும்பன்
அக்கா 🙏

தமிழ் டீச்சர் ஓய்வு
நெல்லுன்னதும் ஞாபகம் வந்துச்சு. வள்ளுவர் இதுக்குன்னே தனியா ஒரு அதிகாரம் வெச்சிருக்கார், பயனில சொல்லாமை. வெட்டிப்பேச்சு பேசுறவன மனுசன்னு சொல்லாதே, "மக்கட் பதடி யெனல்"ங்கிறார். பதடின்னா பதர். களத்து மேட்டுல தூத்தும்போது காத்துல பறந்து போகுதே, உள்ள அரிசி இல்லாத நெல்லு. லத்தீன்காரன் உழவுலேருந்து எடுத்தான், வள்ளுவர் தூத்துறதுலேருந்து எடுத்தார்.

குட்டிப்பிசாசு
நாங்க ஸ்கூல்ல க பாஷை பேசுவோம், எல்லா எழுத்துக்கும் முன்னாடி ஒரு க. "கநீ கவா", "கடீகச்கசகர் கவகரகலை". வேகமா பேசுனா பாட்டிக்கு ஒண்ணும் புரியாது, "என்னடி ஒளறுறீங்க ரெண்டு பேரும்"னு திட்டும். ஆனா அது உளறலே இல்ல, முழு அர்த்தம் இருக்கு, பாட்டிக்கு புரியல அவ்ளோதான். அப்ப உளறல்ங்கிறது பேசுறவங்க வாய்ல இருக்கா கேக்குறவங்க காதுல இருக்கா?

காவேரிக்கரையான்
சின்னப்பொண்ணு பெரிய கேள்விய கேட்டுருச்சு. கிரேக்கக்காரன் அந்நிய ஆளுங்க பேசுறது அவன் காதுல "பர் பர்"னு விழுந்துச்சுன்னு அவங்களுக்கு பர்பரோஸ்னு பேர் வெச்சான், காட்டுமிராண்டிங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ்ல இருக்கிற பார்பேரியன் அதுலேருந்து வந்ததுதான். சமஸ்கிருதத்துல மிலேச்சன்கிற சொல்லும் அதே மாதிரி, தெளிவில்லாம பேசுறவன்.

தமிழ் டீச்சர் ஓய்வு
நம்மளும் விடல. முல்லைப்பாட்டுல ராஜாவோட பாசறைல காவலுக்கு நிக்கிற வெளிநாட்டு ஆளுங்கள சொல்லும்போது "உடம்பின் உரைக்கும் உரையா நாவின் படம்புகு மிலேச்சர்"னு வருது. சட்டை போட்ட மிலேச்சர், நாக்கால பேசாம உடம்பால, கைஜாடையால பேசுறவங்க. அவங்களுக்கும் நாக்கு இருந்துச்சு, பாஷை இருந்துச்சு, பாவம் நமக்குப் புரியலங்கிறதால "உரையா நா" ஆயிடுச்சு. ஆனா உளறுறான்னு சொல்லாம "உடம்பால பேசுறான்"னு சொன்னதுல ஒரு கண்ணியம் இருக்குன்னு எனக்குத் தோணும், என் பசங்க கிளாஸ்ல ஒத்துக்க மாட்டாங்க.

நாஞ்சில் தம்பி, நீங்க சொன்ன புலம்பலுக்கு வர்றேன், அத விட்டுட்டுப் போக மனசில்ல. தொல்காப்பியம் உரியியல்ல ரெண்டே வார்த்தை: "புலம்பே தனிமை". அவ்வளவுதான் விளக்கம். சங்கப் பாட்டுல புலம்புன்னா முதல்ல தனிமை, தனியா கெடந்து தவிக்கிற தவிப்பு. தனியா இருக்கிறவங்க வாய்விட்டு அழுதா அது புலம்பல். பக்கத்துல கேக்க ஆள் இல்லாம தானாவே பேசிக்கிட்டா அதுவும் புலம்பல். அங்கேருந்து ஒரு எட்டு வெச்சா மலையாளத்து உளறல். தனிமை, அழுகை, உளறல், இந்த மூணு படில எறங்கி வந்திருக்கு அந்தச் சொல்லு.

நாஞ்சில் நண்டு
டீச்சர்... எங்க ஆச்சி தாத்தா போனதுக்கு அப்புறம் அடுக்களைத் திண்ணைல ஒத்தைக்கு உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டே என்னமோ பேசிக்கிட்டே இருக்கும். யாரும் பக்கத்துல இருக்க மாட்டாவ. "கெழவி பொலம்புது"ன்னு நாங்க எல்லாம் சொல்லிட்டு தாண்டிப் போயிருவோம். ரெண்டாயிரம் வருசத்து அர்த்தத்த தெரியாமலே சரியாத்தான் சொல்லிருக்கோம் போல.

வெட்டி ஆபீசர்
ஏன் ப்ரோ இப்டி, ஆபீஸ்ல உக்காந்து படிக்கிறேன்

காவேரிக்கரையான்
தூங்காநகரத்தான், மாமாவுக்கு ஆறுதலா இதையும் சொல்லுங்க. "ஜிப்பரிஷ்"னு இங்கிலீஷ்ல உளறலுக்கு ஒரு வார்த்தை. 1755ல வந்த சாமுவேல் ஜான்சன் அகராதில, அந்தக்கால ரசவாதி ஜாபிரோட (ஐரோப்பால கேபர்ம்பாங்க) புரியாத பாஷைலேருந்து வந்திருக்கலாம்னு எழுதிட்டார். இன்னிக்கு அகராதிக்காரங்க அத ஏத்துக்கிறதில்ல, கலகலன்னு புரியாம பேசுற சத்தத்த அப்படியே வார்த்தையாக்கிட்டாங்கன்னுதான் சொல்றாங்க. இங்கிலீஷுக்கு அகராதி எழுதுன மகானே மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போட்டிருக்கார், நம்ம மாமா போட்டா என்ன.

கொங்குக் குசும்பன்
ஜான்சனுக்கு ரோஜாப்பூ படம் போடத் தெரியாதுங்களே, அதுல மாமாதான் மேல.

தூங்காநகரத்தான்
அப்டேட்: நேத்து ராத்திரி டீச்சர் சொன்னது எல்லாத்தையும் கோர்த்து, மரியாதையா, "மாமா நீங்க சொன்னதுலேருந்துதான் இவ்ளோ தெரிஞ்சுக்கிட்டேன்"னு முன்னாடி ஒரு வரி போட்டு அனுப்பினேன். ரொம்ப நேரம் புளூ டிக். அப்புறம் போன் பண்ணார், "அந்த ஆந்தை பாட்டு எந்த நம்பர் சொன்ன?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டார். அத்தை பின்னாடி சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. இன்னிக்கு மத்தியானம் வீட்ல சாம்பார், அப்பளம்.

தமிழ் டீச்சர் ஓய்வு
பாத்தீங்களா, கேட்டு எழுதிக்கிட்டார் பாருங்க. அதான் வேணும்.

தூங்காநகரத்தான்
டீச்சர் அவசரப்படாதீங்க. இன்னிக்கு காலைல குரூப்ல வந்தது, அப்படியே போடுறேன்:

"தினம் ஒரு தமிழ். குளறு + படி = குளறுபடி. கூகை வந்து உட்கார்ந்து குளறிய வாசற்படியில் கால் வைத்தால் காரியம் கெடும் என்று நம் முன்னோர் கண்டனர். அதுவே குளறுபடி. ஆதாரம்: குறுந்தொகை 153. என்னே தமிழனின் அறிவு!"

பதினேழு பேர் கும்பிடு போட்டிருக்காங்க. அதுல ஒண்ணு என் பொண்டாட்டி.